கிணற்றில் விழுந்த ரங்கநாயகியும் மாங்காய் மண்டி அலமேலம்மாவும்

போன மாதம் எத்திராஜு டாக்டர் சாரிடமிருந்து போன் வந்தது. எடுத்ததுமே கோபம்.

"கோமளா, இது தமிழ் தெரியாத போனும்மா. 'மாமன் வந்துகினு இருக்கான்'னு சொன்னா 'மாமன் வந்து கிணறு இருக்கான்'னு அடிக்குது. நீ அடிச்சப்போ ஒரு தடவயாவது இப்டி ஆச்சா?"

பேசினால் தானாக எழுத்தாகிற வசதியை யாரோ அவர் போனில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு விரல் மூட்டுகளில் வலி வந்து, அவர் சொல்லும் நாவல்களை அடித்துக்கொடுக்கும் வேலையை விட்ட பிறகு அவருக்கு வேறு வழியில்லை.

"கிணறு ஆகல சார். ஆனா நீங்க ஆட்டுக்கு சொன்னத நான் கதையில அடிச்சது உண்டு" என்றேன். சார் வெடித்துச் சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

இதை எங்கள் பழைய தட்டச்சுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். உடனே ஆளாளுக்குக் கேள்வி. நாவல் எழுதுகிறவரிடம் வேலை பார்ப்பது எப்படி இருக்கும், அவர் எப்போது எழுதுவார், நிஜமான ஆட்களைத்தான் கதையில் வைப்பாரா என்று. போனில் அடித்துச் சொல்லி மாளாது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் பிறந்தது கே.ஜி.கண்டிகையில். பள்ளிக்கூடம் முடித்ததும் திருத்தணிக்குப் போய் தட்டச்சு பழகினேன். லோயர், ஹையர் இரண்டும் தேறினேன். தாலுகா ஆபீசுக்கு எதிரே ஒரு ஜாப் டைப்பிங் கடையில் வேலை கிடைத்தது. பட்டா மாற்றம், வாரிசுச் சான்று, வாய்க்கால் தகராறு என்று ஊராருடைய மனுக்களெல்லாம் என் விரல் வழியாகத்தான் ஆபீசுக்குள் போகும். மனுவுக்கென்று ஒரு தமிழ் உண்டு. 'பணிவுடன் சமர்ப்பிப்பது யாதெனில்' என்று ஆரம்பித்தால் கை தானாக ஓடும். மனம் வேறெங்கோ இருக்கும்.

அப்படி ஒருநாள் ஒரு மனுவை அடித்துக்கொண்டிருந்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அரசு கால்நடை மருத்துவமனைக்குச் சுற்றுச்சுவர் கேட்டு மாட்டு டாக்டர் எழுதியது. 'சுற்றுச்சுவர் இல்லாத காரணத்தால், சிகிச்சைக்காக அழைத்து வரப்படும் காளைகள் சிகிச்சை முடியும் முன்பே தம் விருப்பப்படி வெளியேறிவிடுகின்றன.' எழுதியவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"எங்க சிரிச்ச?" என்றார்.

"இல்ல சார்..."

"சொல்லும்மா. எந்த எடத்துல?"

"காளைங்க தம் விருப்பப்படிங்கற எடத்துல சார்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நானும் அங்கதான் சிரிச்சேன். ஆபீசுல ஒருத்தரும் சிரிக்கல."

சுவர் கட்டினார்களா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அன்றிலிருந்து டாக்டர் சார் தன் கதைகளை என்னிடம் கொண்டுவர ஆரம்பித்தார். அவர் ஓய்வு பெற்று முழுநேரமும் எழுத உட்கார்ந்தபோது, என்னையும் கடையை விட்டு வரச் சொல்லிவிட்டார். அதற்குள் தட்டச்சு இயந்திரம் போய் கம்ப்யூட்டர் வந்திருந்தது. அவர் வீட்டு முன்னறையில் எனக்கொரு மேசை. சன்னலைத் திறந்தால் மலைக்கோயில் தெரியும். திறந்து வைத்தால் குரங்கும் வரும்.

சார் கையால் எழுதமாட்டார். எழுதினால் அவருக்கே படிக்க வராது. மருந்துச்சீட்டு எழுதிப் பழகிய கை. காலையில் டிபன் ஆனதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடப்பார். நடந்துகொண்டே சொல்வார், நான் அடிப்பேன். ஆண் பேசினால் ஆண் குரல், பெண் பேசினால் பெண் குரல், கிழவி பேசினால் கிழவி குரல். பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் ஒரு தடவை சண்டையை விலக்கிவிட ஓடியே வந்துவிட்டார்கள்.

முதல் விதி, சொன்னதைச் சொன்னபடி அடிக்க வேண்டும். இலக்கணம் பார்த்து நான் எதையும் திருத்தக் கூடாது. இரண்டாவது விதி, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் அன்றைக்கு அடித்ததை நான் உரக்கப் படிக்க வேண்டும். அவர் சாய்வு நாற்காலியில் கண்மேல் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்திருப்பார். நான் எங்கே தடுக்கினாலும் துண்டுக்குள்ளிருந்து குரல் வரும்.

"அங்க நொண்டுது. திருப்பிப் படி."

திருப்பிப் படித்தும் தடுக்கினால் அந்த வாக்கியத்துக்கு ஆயுசு முடிந்தது. எவ்வளவு அழகான வாக்கியமாக இருந்தாலும் சரி. "கால் சரியில்லாத மாட்டுக்கு கொம்புக்கு பெயிண்ட் அடிச்சி இன்னா புண்ணியம்? எடுத்துடு" என்பார்.

ஒருநாளில் எவ்வளவு வேலை நடந்தது என்பதைப் பக்கக் கணக்கில் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. நான் கிளம்பும்போது அவர் மனைவி சமையலறையிலிருந்து கேட்பார், "இன்னிக்கி எது வரைக்கும் ஆச்சு?" சார் பதில் சொல்வார், "முனுசாமி கோர்ட்டுப் படி ஏறிட்டான்." அல்லது, "நாளெல்லாம் பேசியும் அந்தப் பொண்ணு கதவ தொறக்கல." கதவு திறக்காத நாட்களில் அவருக்கு இரவுச் சாப்பாடு சரியாக இறங்காது என்று அந்த அம்மா என்னிடம் சொல்லியிருக்கிறார்.

ஓய்வு பெற்றுவிட்டார் என்பதை ஆடுமாடு வைத்திருப்பவர்கள் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. கதை உச்சத்தில் போய்க்கொண்டிருக்கும்போது வாசலில் 'மே' என்று கேட்கும். சார் வெளியே போய் ஆட்டின் வயிற்றைத் தட்டிப் பார்த்துக்கொண்டே கதையை விடாமல் சொல்வார். அதனால்தான் ஒரு நாவலின் முதல் பிரதியில், கதாநாயகன் விடைபெறும் இடத்தில், 'அவன் கண்களில் நீர் திரண்டது. ரெண்டு நாளைக்கு பச்சைத் தழை காட்டாதே' என்று இருந்தது. விதிப்படி, சொன்னதைச் சொன்னபடி.

அவர் கதைகளெல்லாம் நிஜத்தில் நடந்தவற்றிலிருந்து முளைத்தவை. மாட்டுக்கு வைத்தியம் பார்க்கப் போன வீடுகளில் கேட்டவை. கன்று வெளியே வரக் காத்திருக்கிற நேரத்தில் ஜனங்கள் எதையும் சொல்வார்கள், மனசுக்குள் வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்பார்.

அப்படி ஒரு தொழுவத்தில் கேட்டதுதான் ரங்கநாயகியின் கதை. மொழிவாரியாக மாநிலம் பிரித்த காலத்தில் எங்கள் திருத்தணி கொஞ்ச வருடம் ஆந்திராவில் இருந்து, போராட்டத்துக்குப் பிறகு தமிழ்நாட்டுக்கு வந்தது. அந்தக் கலவர நாட்களில் திருத்தணியில் ஒரு பெண்ணுக்கும் நகரியில் இருந்த அவள் அத்தை மகனுக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நகரி இங்கிருந்து அதிக தூரமில்லை. ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கம் நிற்கப் போகிற ஊர். பெண்ணின் அப்பா போராட்டத்தில் இருந்தவர்; அந்தப் பக்கம் பெண் கொடுக்கமாட்டேன் என்று கல்யாணத்தை நிறுத்திவிட்டார். பெண் செத்துப்போனாள். இவ்வளவுதான் தொழுவத்தில் கேட்ட கதை.

சார் அதை மனசுக்குள் போட்டு வைத்து, பல வருடம் கழித்து எடுத்தார். அந்தப் பெண்ணுக்கு ரங்கநாயகி என்று பெயர் வைத்தார். அப்பாவுக்குப் பெரிய மீசை வைத்தார். மணமகனுக்கு வீரம் வைத்தார். இரண்டு வருடத்துக்கு மேல் அந்த நாவல் ஓடியது. "ரங்கநாயகி புடவை எடுத்துட்டா." "ரங்கநாயகிய உள்ள வச்சிப் பூட்டிட்டாங்க." தினமும் சமையலறைக்கு இப்படியே தகவல் போனது.

கடைசியில் அவள் சாகவேண்டிய நாள் வந்தது. முதலில் நந்தி ஆற்றில்தான் விழுந்தாள். சமையலறையிலிருந்து அம்மா குரல் கொடுத்தார், "அதுல முட்டிக்கால் தண்ணி ஏதுங்க? உழுந்தா மண்ணுதான் ஒட்டும்." சார் முறைத்துவிட்டு, அவளை ஆற்றிலிருந்து எடுத்துக் கிணற்றில் போட்டார். அதன்பிறகு அவர் சொன்ன இரண்டு பக்கத்தையும் நான் திரை தெரியாமல் அழுதுகொண்டே அடித்தேன். அவரும் துண்டை முகத்தில் வைத்துக்கொண்டார். "போய்ட்டா" என்று சமையலறைக்குச் சொன்னார். அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் காபி கேட்கவில்லை. சென்னையில் பதிப்பகத்தாரிடம், இன்னும் கொஞ்ச நாளில் அனுப்பிவிடுகிறேன் என்று போனில் சொல்லிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மையார்குப்பத்தில் என் அக்கா வீட்டில் காது குத்தல். அக்கா வீட்டுக்காரர் முரளி பாவா திருப்பதி போகிற தனியார் பஸ்ஸில் கண்டக்டர். சாப்பாட்டுப் பந்தியில் அவர் கேட்டார்.

"இன்னா கோமளா, மூஞ்சி வாட்டமா கீது?"

ரங்கநாயகி செத்துப்போனதைச் சொன்னேன். அவள் கதையை முதலிலிருந்து சொன்னேன். பாவா அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே கேட்டார். முடிந்ததும், "அந்தம்மா சாவலியே" என்றார்.

"இன்னா பாவா?"

"நகரில மாங்கா மண்டி வச்சிகினு கீறாங்க. அலமேலம்மா. போன வாரம் கூடைக்கு லக்கேஜ் டிக்கெட் போட்டேன்னு புத்தூர்லேர்ந்து என்ன திட்டிகினே வந்தாங்க. நீ சொன்ன மாதிரியே அப்பன் கல்யாணத்த நிறுத்தினவங்கதான், வண்டில அவங்க கத எல்லாருக்கும் தெரியும். மெட்ராஸ் போவாங்க, வருவாங்க, திருத்தணில மட்டும் எறங்க மாட்டாங்க. வண்டி அரமணி நின்னா கூட சீட்ட உட்டு எழுந்திருக்க மாட்டாங்க. ஏம்மான்னு கேட்டா, 'எங்கப்பன் ஊர்ல நான் செத்துட்டேன்பா. செத்தவ எறங்கினா ஜனம் பயப்படும்'னு சொல்லி சிரிப்பாங்க."

இலையில் இருந்த சோறு அப்படியே இருக்க நான் எழுந்துவிட்டேன்.

சாரிடம் எப்படிச் சொல்வது? இரண்டு வருட உழைப்பு. சொல்லாமல் இருந்தால், உயிரோடு மாங்காய் விற்றுக்கொண்டிருக்கும் ஒரு மனுஷியைக் கிணற்றில் தள்ளிய புத்தகம் கடைக்கு வந்துவிடும். திங்கட்கிழமை காலை, அவர் நடக்க ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிட்டேன்.

அவர் நின்றார். "யாரு உயிரோட இருக்காங்க?"

"ரங்கநாயகி சார். பேரு அலமேலம்மா."

"அது எப்படிம்மா? அவ செத்துட்டா. நீதான அடிச்ச!"

"நீங்க சொன்னீங்க சார், நான் அடிச்சேன்."

அப்படியே உள்ளே போய்விட்டார். மறுநாளும் நடக்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. நான் வருவேன், கம்ப்யூட்டரைப் போடுவேன், மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வாசலில் ஆடு வந்தால் மட்டும் சார் வெளியே வந்து வைத்தியம் பார்த்துவிட்டு உள்ளே போவார். "ஒரு கதைக்கு இப்டியா" என்று அம்மா புலம்பினார். வேலை போய்விடுமோ என்ற பயம்கூட எனக்கு வந்தது.

அந்த வாரம் முடிவதற்குள் ஒரு காலை, சட்டை போட்டுத் தலை சீவி வாசலில் நின்றார். "பேப்பரெல்லாம் எடுத்துக்கோ கோமளா. போய் நாடி பாத்துட்டு வந்துடுவோம்."

முரளி பாவா பஸ்ஸிலேயே போனோம். பொன்பாடி தாண்டியதும் கடைப் பலகைகளில் எழுத்து தெலுங்காக மாறியது. மாங்காய்ப் பருவம். நகரியில் மண்டிக்குள் நுழைவதற்கு முன்பே வாசனை வந்துவிட்டது. உள்ளே மலைமலையாகக் குவித்திருந்த காய்களுக்கு நடுவே, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், கனத்த உடம்பும் பெரிய மூக்குத்தியுமாக ஒரு அம்மாள் உட்கார்ந்து, கூலியாட்களைத் தெலுங்கில் விரட்டிக்கொண்டிருந்தார். சார் என் காதோடு சொன்னார், "ரங்கநாயகி ஒல்லியா இருப்பாளேம்மா."

விஷயத்தைச் சொல்லச் சொல்ல அலமேலம்மாவின் கண்கள் விரிந்தன. "என் கதயா? புஸ்தகத்துலயா? ஒருத்தர் உக்காந்து எழுதிகினு இருந்தாரா?" என்று கைதட்டி, உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். பூண்டு உரித்துக்கொண்டிருந்த ஒரு மெலிந்த பெரியவர் முறத்தோடு வந்து உட்கார்ந்தார். அவர்தான் அத்தை மகன்.

"எனக்குத் தமிழ் எழுத்து வராது. பள்ளிக்கூடத்துல தெலுங்குதான். நீ படிம்மா" என்றார் அலமேலம்மா என்னிடம்.

படித்தேன். நான் வாழ்க்கையில் எத்தனையோ பேருக்குப் படித்துக் காட்டியிருக்கிறேன். அன்றைக்குப்போலப் பயந்து படித்ததில்லை. சார் தன் துண்டை முறுக்கிக்கொண்டிருந்தார். 'ரங்கநாயகி சோறு தண்ணீர் இல்லாமல் அழுது கிடந்தாள்' என்ற இடத்தில் அலமேலம்மா கையை உயர்த்தினார்.

"யாரு, நானா? அன்னிக்கி காலைல கூழு குடிச்சிட்டுதான் கெளம்பினேன். அவ்ளோ தூரம் வெறும் வயித்துல எவ நடப்பா?"

"நடந்தீங்களா?" என்றார் சார்.

"பின்ன? பஸ்ஸு ஏது, ரயிலு ஏது? ரயில் ரோட்டோடவே நடந்தேன். கல்யாணத்துக்கு பேசி வச்சிருந்த நாயனக்காரர் எங்க தெருதான். அவரும் அவர் சம்சாரமும் தொணைக்கு வந்தாங்க. 'ஒத்துகினு ஒரு கல்யாணத்துக்கு ஊதாம இருந்தா தொழிலுக்கு ஆகாது'ன்னாரு. பொன்பாடி தாண்டுற வரைக்கும் ஊதாதீங்கன்னு சொல்லி வச்சிருந்தேன். தாண்டினதும் அவரால தாங்கல. ஊதிட்டாரு."

தண்டவாளத்தின்மேல் ஒரு பெண், பின்னால் நாதஸ்வரம். சாரின் கால்கள் நடக்கப் பரபரத்ததைப் பார்த்தேன்.

"அந்த சத்தம் கேட்டு ஊரே கூடிடுச்சி. இவர காணம். தேடினா, நெல்லு கொட்டி வைக்கிற குதிருக்குப் பின்னால ஒளிஞ்சிகினு இருந்தாரு. கலவரக்காரங்க ஊர்வலமா வர்றாங்கன்னு பயம்."

பெரியவர் பூண்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னார், "ஒளியல. நெல்லு எவ்ளோ கீதுன்னு பாத்துகினு இருந்தேன்."

மண்டியே சிரித்தது. சாரும் சிரித்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார், "அப்போ செத்துட்டாங்கன்னு ஊர்ல ஏம்மா பேச்சு?"

அலமேலம்மா மூக்குத்தியைத் திருகிக்கொண்டே சொன்னார்.

"எங்கப்பன், எங்க நைனா சொன்னதுதான். அவருக்கு எங்க அத்தைன்னா உசிரு. தங்கச்சி ஊட்டுக்கே பொண்ணு போவுதுன்னு ஊரெல்லாம் சொல்லிகினு இருந்தவரு. ஆனா கூட நின்னு போராடினவங்க கேட்டுட்டாங்க, 'எல்லை வேணும்னு நீ கத்துற, உன் பொண்ண அந்தப் பக்கம் குடுக்குற'ன்னு. அந்த கேள்வியோடதான் கல்யாணத்த நிறுத்திட்டாரு. நான் வந்தப்புறம் யாரோ 'பொண்ணு எங்க'ன்னு கேக்க, 'செத்துட்டா'ன்னு சொல்லிட்டாரு. கேட்டவங்க நெசம்னு எடுத்துகினாங்க. சொல்லச் சொல்ல வளந்து, உங்க புஸ்தகத்துல அது கெணறு ஆச்சு."

சார் தலைகுனிந்திருந்தார்.

"நீங்க அவருக்கு மீச வச்சிருக்கீங்க. எங்க நைனாக்கு மீசயே கெடயாது. என்ன ஒருநாளும் அடிச்சது இல்ல. ஒரு வார்த்த சொல்லிட்டாரு. சொன்னத திரும்ப வாங்கிக்க அவருக்குத் தெரியல, எனக்குப் போய் கேக்கத் தெரியல. அவர் போனதுகூட எனக்கு அப்புறம்தான் தெரியும்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "டாக்டரய்யா, என்ன உயிரோட உட்டாலும் சரி, கொன்னாலும் சரி. எங்க நைனாவ மட்டும் கெட்டவராக்காதீங்க."

திரும்பி வரும்போது எங்கள் மடியில் ஒரு கூடை மாங்காய். முரளி பாவா அதற்கு லக்கேஜ் போடவில்லை. சார், பொன்பாடியில் தண்டவாளம் சாலைக்குப் பக்கத்தில் தெரிந்ததும் சொன்னார், "முதல்லேர்ந்து, கோமளா."

முதலிலிருந்தே செய்தோம். என் வேலை வாழ்க்கையில் அதுபோலக் கஷ்டமான காலம் இல்லை, அதுபோலச் சந்தோஷமான காலமும் இல்லை. மீசையை எடுத்தோம். வீரத்தை எடுத்துவிட்டு ஒரு நெல் குதிர் வைத்தோம். கிணறு போய்விட்டது. ஆனால் சாருக்குச் சந்தோஷம் எழுத வரவில்லை. கல்யாணத்துக்கு அடுத்த நாள் ரங்கநாயகி என்ன செய்வாள் என்று நாள்முழுக்க நடப்பார். "சாவடிக்கத் தெரிஞ்சவனுக்கு ஒரு பொம்பளய சமைக்க வைக்கத் தெரியலியே" என்று தலையில் அடித்துக்கொள்வார். அம்மா உள்ளேயிருந்து சொல்வார், "சமைச்சிப் பாத்தாதான தெரியும்."

அலமேலம்மாவுக்குப் போன் செய்வதுதான் ஒரே வழி. காலையில் மண்டி தொடங்கும் முன் அவரே கூப்பிட்டுவிடுவார். ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைப்போம். "இன்னிக்கி நான் எது வரைக்கும் வந்துகினு கீறேன்?" என்பார். சார் சொல்வார், "மாமியார் ஊட்டுல முதல் நாள், அடுப்பு பத்த வைக்கணும்." "பத்தல, பச்ச வெறகு. ஒரே பொக. நான் அழுவுறேன்னு நெனச்சி அத்தை ஓடிவந்து கட்டிகினாங்க. பொகைக்கு அழுதேன். அவங்க கட்டினதும் நெசமாவே அழுதேன்." சாருடைய நடை நின்றுவிடும். அப்படியே சொல்ல ஆரம்பிப்பார். படித்துக் காட்டும்போது ஒரு இடத்திலும் எனக்கு நாக்குத் தடுக்கவில்லை.

பெண் செத்தால்தான் புத்தகம் நிற்கும் என்று பதிப்பகத்தார் போனில் வாதாடிப் பார்த்தார். "அந்தம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்று சார் நகரி நம்பரைக் கொடுத்தார். பதிப்பகத்தார் கூப்பிட்டாரா, என்ன வாங்கிக் கட்டிக்கொண்டார் என்று தெரியாது. அடுத்த வாரமே அச்சுக்குப் போனது.

வெளியீட்டு விழாவை மலையடிவாரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தோம். அலமேலம்மாவை அழைத்தபோது, "நான் அந்த ஊருக்கு வரமாட்டேன், நீங்க படிச்சிட்டு சொல்லுங்க" என்றுவிட்டார். சார் வற்புறுத்தவில்லை. ஆனால் அன்று காலை பஸ் ஸ்டாண்டில் போய் நின்றார். நானும் நின்றேன். முரளி பாவாவின் வண்டி வந்தது. முன்படியில் முதலில் ஒரு மாங்காய்க் கூடை இறங்கியது. அப்புறம் பெரியவர். அப்புறம், கம்பியைப் பிடித்துக்கொண்டு, பட்டுப்புடவையில் அலமேலம்மா. கடைசிப் படியில் நின்று சுற்றிப் பார்த்தார். ஜனம் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆட்டோக்காரர் ஒருவர், "மலைக்கா பெரிம்மா?" என்றார்.

"பாத்தியாய்யா, ஒருத்தனும் பயப்படல" என்று புருஷனிடம் சொல்லிவிட்டுத் தரையில் கால் வைத்தார்.

விழாவில் பேசியவர்களெல்லாம் எல்லையைப் பற்றிப் பேசினார்கள். அலமேலம்மா மேடையில் கொட்டாவி விட்டார். நான் அந்தத் தண்டவாளப் பகுதியைப் படித்தபோது மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, நாயனம் வருகிற இடத்தில் தொடையில் தாளம் போட்டார்.

முடிந்து எல்லோரும் சாப்பிடப் போனபிறகு, என் கையைப் பிடித்து, "பழய பஜார் தெருவுக்குக் கூட்டிகினு போறியா?" என்றார். சாரும் கூட வந்தார். தெருவின் பாதியில் நின்று ஒரு கட்டடத்தைக் காட்டினார். கீழே செல்போன் கடை. மேலே குடித்தனம். பழைய வீட்டில் மிச்சமிருந்தது கடையின் நடுவில் பெயிண்ட் அடித்து நின்ற ஒரு மரத்தூண் மட்டும்தான். அலமேலம்மா நேராக உள்ளே போய் அந்தத் தூணின்மேல் கையை வைத்தார்.

கடையில் ஒரு இளம்பெண் இருந்தாள். "இன்னா வேணும் பாட்டி?"

"இது எங்க நைனா ஊடும்மா. இந்தத் தூணுக்குப் பின்னாலதான் நான் பொறந்தேன். கல்யாணத்துக்கு அப்புறம் இன்னிக்கிதான் வரேன்." கொஞ்சம் நிறுத்தி, பேரம் பேசுகிற அதே குரலில் கேட்டார், "பொறந்த ஊட்டுக்கு வந்த பொண்ண வெறுங்கையா அனுப்புவீங்களா?"

அந்தப் பெண் எங்களைப் பார்த்தாள். சார் தலையை மட்டும் ஆட்டினார். அவள் எழுந்து மாடிக்குப் போனாள். திரும்பி வரும்போது கையில் ஒரு தட்டு. மஞ்சள், குங்குமம், வெற்றிலை, ஒரு ரவிக்கைத் துணி. தேங்காய் இல்லை போலிருக்கிறது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அலமாரியிலிருந்து மயில் படம் போட்ட செல்போன் உறை ஒன்றை எடுத்துத் தட்டில் வைத்து, "உக்காருங்க அத்தை, குங்குமம் வச்சிக்கோங்க" என்றாள்.

பாட்டி என்று ஆரம்பித்தவள் அத்தை என்றாள். அலமேலம்மா உட்கார்ந்து, நெற்றியைக் காட்டி, தட்டை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அழுவார் என்று நினைத்தேன். இடுப்பிலிருந்து தன் போனை எடுத்து, அந்த உறையைப் போட்டுப் பார்த்தார். போன் சின்னது, உறை பெரியது.

"பரவால்ல. உறைக்கு ஏத்த மாதிரி பெருசா ஒண்ணு வாங்கிக்கிறேன். எங்க நைனா ஊட்டு சீராச்சே" என்றார்.

வாசலில் சார் என் தோளைப் பிடித்து உலுக்கினார். கண்ணெல்லாம் நீர்.

"அச்சாயிடுச்சேம்மா கோமளா! இது இல்லாமலே புத்தகம் அச்சாயிடுச்சே!"